ஹோலோடைப்புக்கு தமிழ்ல என்ன சொல்றது?

நம்ம டிடிபி கடை நாகமலை புதுக்கோட்டை பக்கம், சுத்தி காலேஜா இருக்கறதால தீசிஸ், போஸ்டர், ப்ராஜெக்ட்டுன்னுதான் பொழப்பு ஓடுது. போன வாரம் எம்எஸ்சி பாட்டனி படிக்கிற பொண்ணு ஒன்னு பென்டிரைவோட வந்துச்சு, பிரேசில் சவானா மேட்டுல கண்டுபிடிச்ச பூச்செடி பத்தி தமிழ்ல போஸ்டர் அடிக்கணுமாம். படிச்சுப் பாத்தா நடுவுல "இதன் முழு வகை உலர்தாவரக் கூடத்தில் உள்ளது"ன்னு இருக்கு. முழு வகைன்னா என்ன பாப்பா, ஃபுல் மீல்ஸ் மாதிரியான்னு கேட்டேன். "ஹோலோடைப்ண்ணே, மொழிபெயர்ப்பு ஆப்புல போட்டேன், அப்படித்தான் வந்துச்சு"ன்னுச்சு.

ஆப்பையும் குத்தம் சொல்ல முடியாது. கிரேக்கத்துல ஹோலோஸ்னா முழுசு. டைப்புன்னா நமக்கு வகைதான், "அவரு ஒரு டைப்பு"ன்னு சொல்றோம்ல. ஆனா டூபோஸ்ங்கற கிரேக்கச் சொல்லுக்கு அடி விழுந்த தடம்னுதான் மொத அர்த்தம், அடிக்கறதுங்கற வினையிலருந்து வந்தது, முத்திரை குத்துனா மெழுகுல பதியுதுல்ல அந்தப் பதிவு. அந்த வழியிலதான் டைப்ரைட்டரும் வந்துச்சு, எங்கப்பா கோர்த்த ஈய எழுத்துக்கும் டைப்புன்னு பேர் வந்துச்சு. அதுல ஒரே ஒரு 'ழ' இன்னும் என் மேசையில பேப்பர் வெயிட்டா கெடக்கு, கண்ணாடியில பாத்த மாதிரி திரும்பி இருக்கும், மை தடவி குத்துனாத்தான் நேராகும். வகைங்கறது பின்னாடி வந்து ஒட்டிக்கிட்ட அர்த்தம்.

சரி, செடிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? புதுச்செடி ஒன்னுக்கு பேர் வைக்கிறவங்க, இந்தப் பேர் இன்ன செடிக்குத்தான்னு ஒரே ஒரு காஞ்ச செடியக் காட்டி கட்டிப்போடணும், அந்த ஒத்தைச் செடிதான் ஹோலோடைப். பழைய பேப்பருக்குள்ள வச்சு அமுக்கி காயவச்சு, கெட்டி அட்டையில நூல் போட்டு தச்சு, எங்க யார் என்னக்கி பறிச்சான்னு வலது கீழ்மூலையில லேபிள் ஒட்டுன ஷீட்டு. 1958 ஜனவரி 1-லருந்து டைப்பக் காட்டாம புதுப்பேர் வச்சா செல்லாது, 1990-லருந்து அது எந்த ஹெர்பேரியத்துல, அதாவது காஞ்ச செடிகள சேத்து வைக்கிற எந்தக் கூடத்துல, இருக்குன்னும் எழுதணும். லத்தீன்ல வர்ணனை எழுதணும்னு ஒரு விதி ரொம்ப நாளா இருந்துச்சு, அது 2011-ஓட போச்சு, இப்ப இங்கிலீஷும் ஓகே. (தமிழ் கெடையாது, கேட்டுப் பாத்துட்டேன்.)

அந்தப் பொண்ணு போஸ்டர்ல இருந்தது பில்காக்சியா மினென்சிஸ். மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்துல செராடோன்னு சொல்ற சவானாவுக்குள்ள நிக்கிற மலைமேடுதான் அதோட எடம், வெள்ளை மணலும் பாறையுமா கெடக்கும், நம்மூர்ல கரடுன்னு சொல்வோம்ல கிட்டத்தட்ட அப்படி. இதுக்குப் போயி புல்வெளின்னு எழுதாத பாப்பா, மரமும் பாறையும் விட்டுப்போயிருதுன்னு சொன்னேன். 2000-ல இந்த பில்காக்சியா பேரினத்தையே புதுசா வெளியிட்டாங்க, மூணு இனத்தோட. பூக்காம்பு மட்டும் மேல நீட்டிக்கிட்டு நிக்கும், இலை குண்டூசித் தலையளவு, அதுவும் மணலுக்கு அடியில, பசையா இருக்கும், அதுல மாட்டுற நூற்புழுவ செரிச்சு சத்து எடுத்துக்குதுன்னு 2012-ல நிரூபிச்சாங்க. இத வெடுக்குன்னு காம்பப் புடிச்சு பிச்சா ஷீட்ல பூதான் இருக்கும், இலை மணல்லயே தங்கிரும். அப்பறம் அதே மாதிரி இன்னொன்னு கெடச்சா ரெண்டும் ஒன்னா வேறயான்னு எத வச்சு பாக்குறது, அந்த மொத ஷீட்ட வச்சுத்தான.

இப்ப தமிழுக்கு வருவோம். வகைமாதிரின்னு ஒரு சொல் ஓடிக்கிட்டு இருக்கு, எனக்குப் புடிக்கல. மாதிரின்னாலே அந்த வகைக்கு நல்ல சாம்பிள்னு தோணும். டைப் அந்த இனத்துக்கு சரியான சாம்பிளா இருக்கணும்னு அவசியமே இல்லன்னு தாவரப் பெயரிடல் விதித்தொகுப்பே சொல்லுது, பூச்சி அரிச்ச சோதாச் செடியா இருந்தாலும் பேர் அதுக்குத்தான். அச்சுன்னு வைக்கலாம், டூபோஸுக்கு பச்சக்குன்னு பொருந்தும், "அச்சு அசல்"ங்கற பேச்சும் இருக்கு, ஆனா கணக்குப் புத்தகத்துல எக்ஸ் அச்சு ஒய் அச்சுன்னு ஏற்கனவே உக்காந்திருச்சு.

எனக்கு சட்டுன்னு தோணுனது பத்திரம்தான். எடத் தகராறு வந்தா எத்தன கைமாறி இருந்தாலும் தாய்ப்பத்திரத்த எடுன்னுதான் சொல்வாங்க, மூலப்பத்திரம்னும் சொல்றோம். எடம் செழிப்பா தரிசான்னு அது சொல்லாது, எது எவன் எடம்னு மட்டும்தான் சொல்லும். ஹோலோடைப் பாக்குறதும் இதே வேலைதான். அதனால மூலச்சான்று. மூலம்னதும் வைத்தியர் போர்டு ஞாபகம் வருதுன்னு பக்கத்து செராக்ஸ் கடை அண்ணன் சிரிச்சாரு, வரட்டும், அழகர்கோயில்லயும் மூலவர்தான் இருக்காரு.

மூலப்பத்திரம் மாறுனா என்னாகும்னு பாக்கணும்னா நம்ம கருவேலமரத்தப் பாருங்க. அகேசியா நிலோடிகான்னு படிச்சோம், அகேசியாங்கற பேரினத்துக்கே டைப் அதுதான். 2005-ல வியன்னா தாவரவியல் மாநாட்டுல டைப்ப ஆஸ்திரேலிய இனம் ஒன்னுக்கு மாத்திட்டாங்க, 2011 மெல்போர்ன்லயும் அதையே உறுதி பண்ணிட்டாங்க, அந்த ஆஸ்திரேலியப் பக்கத்து இனங்க ஆயிரத்த ஒட்டி இருக்கு, அம்புட்டுப் பேரையும் மாத்துறதுக்கு இது மேல்னு கணக்கு. இப்ப கருவேலம் வாச்செலியா நிலோடிகா, வெள்வேல், குடைவேல் எல்லாம் அங்கிட்டுப் போயிருச்சு. கண்மாய்க்கரையில மரம் நின்ன எடத்துலயேதான் நிக்குது. (சீமைக்கருவேல் வேற பேரினம், அத இதுல சேக்காதீங்க.)

பத்திரம் எரிஞ்சா? அதுவும் நடந்திருக்கு. 1943 மார்ச் 1 ராத்திரி பெர்லின் ஹெர்பேரியத்துல குண்டு விழுந்து ஏகப்பட்ட டைப் சாம்பலாச்சு. 1929-லருந்தே சிகாகோ ஃபீல்டு மியூசியம் ஆளு ஒருத்தர் அங்க போயி போட்டோ எடுத்து வச்சிருந்தாரு, இன்னக்கி பல செடிக்கு அந்த போட்டோதான் மிச்சம். ஹோலோடைப் போச்சுன்னா, ஐசோடைப் (அதோட கூடவே பறிச்ச ஷீட்டு) இருந்தா அதுலருந்து ஒன்ன லெக்டோடைப்பா தேர்ந்தெடுப்பாங்க. மூலப் பொருள் எதுவுமே தேறலன்னா புதுசா ஒன்ன வைப்பாங்க, அது நியோடைப்.

அப்ப இதுகளுக்கும் பேர் வேணும்ல. லெக்டோ தேர்வுச்சான்று, நியோ புதுச்சான்று, ரெண்டும் ஈஸி. ஐசோடைப்புங்கறது அதே எடத்துல அதே நேரத்துல பறிச்சு வேற வேற ஹெர்பேரியத்துக்கு அனுப்புற ஷீட்டு. நகல்னு சொன்னா செராக்ஸ் ஆயிரும், அதனால உடன்பறிப்புன்னு வச்சேன், உடன்பிறப்பு மாதிரி, பொண்ணு கைதட்டிருச்சு. மூலவர் உள்ள இருப்பாரு, உற்சவர்தான் ஆத்துக்கு எறங்குவாருன்னு சொன்னதும் அதுக்கு வெளங்கிருச்சு, ஹோலோடைப்ப லேசுல கடனா வெளிய அனுப்ப மாட்டாங்க.

பாராடைப்புக்குத்தான் ஒன்னும் மாட்டல. பேர் வைக்கிறப்ப கூட சேத்துக் காட்டுற மத்த ஷீட்டுக, கிரேக்கத்துல பாரான்னா பக்கத்துல. பக்கச்சான்றுன்னா பக்கவாதம் மாதிரி இருக்கு, துணைச்சான்றுன்னா பத்திரத்துல சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவன் மாதிரி இருக்கு. போஸ்டர்ல இப்போதைக்கு பாராடைப்புன்னே போட்டு லேமினேஷனுக்கு அனுப்பிட்டேன்.