கணக்கு தப்பினால் ரசிகருக்குள் என்ன நடக்கிறது?

2015 ஜனவரி 1, நியூ ஆர்லியன்ஸ் நகரின் சூப்பர்டோம் அரங்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், தேர்ந்தெடுத்த அணிகள் மோதிச் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் முறை வந்த முதல் பருவம் அது. தேர்வுக் குழு நான்கே நான்கு அணிகளைப் பொறுக்கி எடுத்திருந்தது. முதலிடம் அலபாமாவுக்கு. நான்காம் இடத்தில் ஒஹாயோ ஸ்டேட், அதுவும் பெரிய சர்ச்சைக்குப் பிறகு. அந்த இடம் தங்களுக்கு வந்திருக்க வேண்டும் என்று டெக்ஸாஸ் மாநிலத்தின் இரண்டு அணிகளுடைய ரசிகர்கள் கொதித்துப்போயிருந்தார்கள்.

பெயர் கால்பந்துதான், ஆனால் அங்கே முட்டை வடிவப் பந்தைப் பெரும்பாலும் கையில்தான் ஏந்துவார்கள். பந்தோடு எதிரணியின் எல்லையைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. எந்தப் பந்து யாருக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்து எறிபவர் குவார்ட்டர்பேக். அவர் இல்லாவிட்டால் அணிக்குத் தலை இல்லை. ஒஹாயோவுக்கு அந்தத் தலை ஒரே பருவத்தில் இரண்டு முறை போயிருந்தது. பிராக்ஸ்டன் மில்லருக்கு ஆகஸ்டிலேயே தோள்பட்டைக் காயம். அவருக்குப் பதில் வந்து கலக்கிய ஜே.டி. பாரெட், நவம்பர் கடைசியில் மிச்சிகனுக்கு எதிரான ஆட்டத்தில் கணுக்காலை முறித்துக்கொண்டார். மிச்சம் இருந்தவர் மூன்றாம் ஆள் கார்டேல் ஜோன்ஸ். கல்லூரி ஆட்டத்தில் அவர் முதல் நிமிடத்திலிருந்து களமிறங்குவது இது இரண்டாவது முறை. பந்தயக்காரர்கள் அலபாமா ஒரு டச்டவுனுக்கும் கூடுதலான வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று கணித்திருந்தார்கள்.

இரண்டாம் கால்பகுதியில் 21-6 என்று அலபாமா முன்னிலை. எல்லாம் கணக்குப்படிதான் போனது. இடைவேளைக்குள் அது 21-20 ஆனது. பிறகு 34-28 என்று ஒஹாயோ முந்தியது. ஆட்டம் முடிய மூன்றரை நிமிடம் போல இருக்கும்போது, தன் பக்கத்து 15 யார்டு கோட்டில் பந்தை வாங்கிய ஒஹாயோ வீரர் எஸெக்கியல் எலியட், ஒரு இடைவெளியைப் பிடித்து 85 யார்டு ஓடி முடித்தார். கடைசியில் 42-35. எலியட் அன்று ஓடிய மொத்த தூரம் 230 யார்டு.

இந்த 42-35 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பந்தயச் சந்தை ஒஹாயோவைப் பெரிய அணியாகக் கருதியிருந்து, இதே முடிவு வந்திருந்தால் அந்த அணியின் ஊரான கொலம்பஸ் நகர வீதியில் அவ்வளவு கூட்டம் திரண்டிருக்காது, அலபாமா வீடுகளில் அவ்வளவு மௌனம் இருந்திருக்காது. முடிவு ஒன்றுதான், அதற்கான உணர்ச்சி வேறு. மூளை மதிப்பெண் பலகையைப் படிப்பதில்லை. தான் எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் படிக்கிறது.

இதை முதலில் தெளிவாகக் காட்டியது குரங்குகளும் பழச்சாறும். வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியலாளர், டோபமைன் சுரக்கும் நரம்புச் செல்களைக் குரங்கின் மூளையில் கவனித்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டு சாறு கிடைத்தால் அந்தச் செல்கள் படபடவென்று துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, துடிப்பு விளக்கு எரியும் நேரத்துக்கு நகர்ந்துவிட்டது. சாறு வரும்போது ஒன்றுமே இல்லை. விளக்கு எரிந்து சாறு வராமல் போனாலோ, அது வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் செல்களின் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே விழுந்தது. 1997இல் அவரும் பீட்டர் தயானும் ரீட் மான்டேக்கும் சேர்ந்து எழுதிய கட்டுரை இதைக் கணிப்புப் பிழை என்று கணித வடிவில் சொன்னது. டோபமைன் என்றாலே இன்ப ரசாயனம் என்று வாட்ஸ்ஆப்பில் உலவும் விளக்கம் பாதிகூடச் சரியில்லை. சம்பளத்தோடு பத்தாயிரம் தீபாவளி போனஸ் வரும் என்று காத்திருந்தவர் கையில் ஏழாயிரம் வந்தால் அவர் முகம் எப்படி இருக்கும்? ஏழாயிரம் லாபம்தான், ஆனாலும் மூளை மூவாயிரத்தை நஷ்டக் கணக்கில் எழுதுகிறது.

ஆட்டம் பார்ப்பவர்களிடமும் இதே கணக்கு ஓடுகிறதா? 2021இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதைக் கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்கள் 20 பேரிடம் சோதித்தார்கள். 2012ஆம் ஆண்டு தேசியப் போட்டியின் ஒன்பது ஆட்டங்களின் கடைசி ஐந்து நிமிடங்களை ஓடவிட்டு, மூளை ஸ்கேனும் கண்பாவையின் அளவும் எடுத்தார்கள். ஒவ்வொரு கூடையும் வெற்றி வாய்ப்பை எவ்வளவு புரட்டிப்போட்டது என்று தனியே கணக்கிட்டார்கள். புரட்டல் பெரிதாக ஆக ஆகக் கண்பாவை விரிந்தது, அந்தக் கட்டம் பிறகு நன்றாக நினைவில் நின்றது. யார் ஜெயிப்பார்கள் என்று மனதில் இருந்த எண்ணத்துக்கு எதிராக ஒன்று நடந்தால் மூளையின் செயல்பாட்டு வடிவமே சட்டென்று மாறியது. 20 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் ஒஹாயோ ரசிகரை இன்று எழுப்பிக் கேட்டாலும் எலியட்டின் அந்த ஓட்டத்தை எந்தப் பக்கம் திரும்பினார் என்பது வரை சொல்வதன் காரணம் இங்கே புரிகிறது.

உடம்பும் கூடவே ஆடும். 1994 உலகக் கோப்பை கால்பந்து இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த ரசிகர்களின் எச்சிலை ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தபோது, வென்ற பிரேசிலின் ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறியிருந்தது, தோற்ற இத்தாலியின் ரசிகர்களுக்கு இறங்கியிருந்தது. களத்தில் ஓடியவர்களைச் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்கள்.

நாற்காலியில் இருப்பவருக்கு அந்த வெற்றி எப்படிச் சொந்தமாகிறது? இதற்கு விடை தேடிய முக்கியமான ஆய்வு கல்லூரிக் கால்பந்தை வைத்தே நடந்தது, ஆராயப்பட்ட ஏழு பல்கலைக்கழகங்களில் ஒஹாயோ ஸ்டேட்டும் ஒன்று. ராபர்ட் சியால்டினியும் சகாக்களும் 1973 பருவத்தில் திங்கட்கிழமை வகுப்புகளில் ஆள்விட்டு, எத்தனை மாணவர்கள் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த சட்டை, ஜாக்கெட், பட்டன் அணிந்து வருகிறார்கள் என்று எண்ணவைத்தார்கள். சனிக்கிழமை அணி ஜெயித்திருந்தால் திங்கட்கிழமை சட்டைகள் கூடின. 1976இல் வெளியான அந்தக் கட்டுரையின் ருசியான பகுதி அடுத்த சோதனைதான். மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்துச் சில பொது அறிவுக் கேள்விகள் கேட்டார்கள். விடையைப் பொருட்படுத்தாமல் பாதிப் பேரிடம் நன்றாகச் செய்தீர்கள் என்றும், மீதிப் பேரிடம் மோசம் என்றும் சொன்னார்கள். அப்புறம், போகிற போக்கில், ஒரு குறிப்பிட்ட ஆட்டம் என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். வென்ற ஆட்டம் என்றால் “நாங்கள் ஜெயித்தோம்”. வெல்லாத ஆட்டம் என்றால் “அவர்கள் தோற்றுவிட்டார்கள்”. சற்றுமுன் மோசம் என்று குட்டு வாங்கியவர்களிடம்தான் இந்த வேறுபாடு அதிகம். தன் மதிப்புக்கு அடி விழுந்தால் அணியின் வெற்றியை எடுத்து அந்த இடத்தில் ஒட்டிக்கொள்கிறோம்.

நட்சத்திர வீரர் இந்த ஒட்டும் வேலைக்கு இன்னும் வசதி. அணி என்பது நூறு பேர் கொண்ட ஒரு கூட்டம். ஆளுக்கு முகம் உண்டு. 1956லேயே டொனால்ட் ஹார்டனும் ரிச்சர்ட் வோலும், தொலைக்காட்சியில் தினம் பார்க்கும் முகத்தோடு நேயர் ஒருதலையான நட்பு வளர்த்துக்கொள்வதை விவரித்துவிட்டார்கள். கார்டேல் ஜோன்ஸ் விஷயத்தில் இந்த நட்பு வேடிக்கையாக வேலை செய்தது. 2012இல், ஆட வந்த இடத்தில் வகுப்புக்கு ஏன் போக வேண்டும் என்ற பொருளில் ட்விட்டரில் எழுதி நாடு முழுக்கக் கேலிக்கு ஆளானவர் அவர். ஒஹாயோ ரசிகர்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள். மூன்றே வெற்றிகள். அதே ட்வீட் ஒரு வெள்ளந்திப் பையனின் குறும்பாகிவிட்டது. (அவர் 2017இல் பட்டமும் வாங்கிவிட்டார் என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை.)

மறுபக்கம் கொடூரமானது. 2013 நவம்பரில் அலபாமா தன் பரம எதிரி ஆபர்னிடம் 34-28 என்று தோற்றபோது, புள்ளி எடுத்துத் தர வேண்டிய உதைகளைத் தவறவிட்ட மாணவருக்கு இணையத்தில் கொலை மிரட்டல்கள் வந்தன. முன்னாள் அதிபர் ஜார்ஜ் புஷ் அவருக்குக் கைப்பட ஆறுதல் கடிதம் எழுதும் அளவுக்குப் போனது. வெற்றியை எல்லோரும் பங்குபோட்டுக்கொள்வார்கள். தோல்வியை ஒரு தலையில் கட்டுவது வசதி.

கண்ணே ஒரு பக்கம் சாய்ந்துதான் பார்க்கிறது. 1951இல் பிரின்ஸ்டனும் டார்ட்மத்தும் மோதிய ஆட்டத்தில், அவ்வாண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது பெற்ற பிரின்ஸ்டன் நட்சத்திரம் டிக் காஸ்மையர் மூக்கு உடைந்து வெளியேறினார். அடுத்த கால்பகுதியில் டார்ட்மத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. ஆல்பர்ட் ஹேஸ்டார்ஃப், ஹேட்லி கேன்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் ஒரே படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். பிரின்ஸ்டன் மாணவர்கள் டார்ட்மத் செய்ததாகக் குறித்தவை, தங்கள் அணி செய்ததாகக் குறித்தவற்றைவிட இரண்டு மடங்குக்கும் மேல். டார்ட்மத் மாணவர்கள் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய சமம். தொலைவில் இருந்த டார்ட்மத் பழைய மாணவர் ஒருவர் இந்தப் படச்சுருளை வரவழைத்துப் போட்டுப் பார்த்தார். கேள்விப்பட்ட முறைகேடு எதுவும் அவர் கண்ணில் படவில்லை. முக்கியமான பகுதியை வெட்டிவிட்டீர்கள், அதை விமானத் தபாலில் அனுப்புங்கள், ஒட்டும் கருவி எங்களிடம் இருக்கிறது என்று தந்தி கொடுத்தார்.

தலைகீழ் முடிவின் விளைவு அரங்கத்தோடு நிற்காது என்பதுதான் எனக்கு இதில் கவலை தரும் பகுதி. டேவிட் கார்டும் கோர்டன் டாலும் 2011இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கத் தொழில்முறை கால்பந்தைப் பற்றியது. உள்ளூர் அணி 4 புள்ளியோ அதற்கு மேலோ வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று கணிக்கப்பட்டுத் தோற்ற நாட்களில், ஆண்கள் வீட்டில் மனைவியையோ காதலியையோ தாக்கிய சம்பவங்கள் சுமார் 10 சதவீதம் கூடின. சமமான போட்டி என்று கருதப்பட்ட ஆட்டத்தில் தோற்றால் அப்படி ஏதும் இல்லை. எதிர்பாராமல் ஜெயித்தால் வன்முறை குறைந்ததா என்றால், பெரிதாக இல்லை. இழப்பு, அதே அளவு லாபத்தைவிட அழுத்தமாக விழுகிறது.

குடும்பச் சண்டையாவது வீட்டுக்குள் நடக்கிறது. லூசியானாவில் நீதிமன்றத்துக்குள்ளேயே இது புகுந்திருக்கிறது. ஓஸ்கான் எரென், நாஜி மோஜான் என்ற பொருளியலாளர்கள் 1996 முதல் 2012 வரை அம்மாநில இளஞ்சிறார் நீதிமன்றங்களின் தீர்ப்புகளைத் திரட்டினார்கள். லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணி எதிர்பாராமல் தோற்ற வாரங்களில் சிறுவர்களுக்குக் கிடைத்த தண்டனைக் காலம் நீண்டிருந்தது. எதிர்பாராத வெற்றிக்குப் பிறகு குறையவில்லை. கூடுதல் தண்டனையின் சுமை கறுப்பினச் சிறுவர்கள் மேல்தான் விழுந்தது. எல்லா நீதிபதிகளும் இப்படிச் செய்யவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவர்களிடம்தான் இந்த விளைவு தெரிந்தது. சனிக்கிழமை பந்தை நழுவவிட்டவனுக்கும் திங்கட்கிழமை கூண்டில் நின்ற சிறுவனுக்கும் என்ன சம்பந்தம்?

இந்த வகை ஆய்வு எல்லாவற்றையும் அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. தேர்தலுக்கு முன் உள்ளூர் கல்லூரி அணி ஜெயித்தால் பதவியில் இருக்கும் கட்சிக்கு ஓட்டு ஒன்றரை சதவீதப் புள்ளி போலக் கூடுகிறது என்று 2010இல் ஒரு கட்டுரை வந்து எங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. 2015இல் வேறு இருவர் அதே விஷயத்தைக் கிளறி, அது தற்செயலாக அமைந்திருக்கலாம் என்று காட்டினார்கள். அந்தச் சச்சரவு இன்னும் தீரவில்லை.

வித்தியாசம் இவ்வளவு வேலை செய்கிறது என்றால் அது எப்போது அடங்குகிறது? மூளை தன் பழைய கணிப்பையே திருத்தி எழுதி அடக்குகிறது. முடிவு தெரிந்த பிறகு, அது முன்பே ஊகிக்கக்கூடியதாக இருந்தது போலத் தோன்றுவதை 1975இல் பாருக் ஃபிஷ்ஹாஃப் சோதனையில் காட்டினார். சூப்பர்டோம் ஆட்டத்துக்கு அடுத்த நாளே, அலபாமாவின் பந்தெறிதல் நம்பகமில்லாதது என்று எனக்கு அப்போதே தெரியும் என்ற குரல்கள் எழுந்தன. அந்த ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் பிளேக் சிம்ஸ் எறிந்த பந்துகளில் மூன்று எதிரணி கையில் சிக்கியது உண்மைதான். ஆனால் டிசம்பரில் அதைச் சொன்னவர்கள் அவ்வளவு பேர் இல்லை.

இப்படித் திருத்தியதில் அடுத்த எதிர்பார்ப்பு உயர்ந்துவிடுகிறது. ஜனவரி 12 இறுதியாட்டத்தில் ஒஹாயோ, ஹைஸ்மன் விருது வாங்கிய மார்க்கஸ் மரியோட்டாவின் ஓரிகன் அணியை 42-20 என்று வீழ்த்தியது. எலியட் 246 யார்டு ஓடி நான்கு டச்டவுன் போட்டார். கொலம்பஸ் வீதிகளில் கூட்டத்தைக் கலைக்கக் காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது. அடுத்த பருவம் தொடங்குமுன் அசோசியேட்டட் பிரஸ் நடத்திய கணிப்பில் வாக்களித்த அத்தனை பேரும் ஒஹாயோவையே முதலிடத்தில் வைத்தார்கள். பருவத்துக்கு முந்தைய கணிப்பில் ஒருமனதான முதலிடம் அதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை.

2015 நவம்பர் 21 அன்று, 23 ஆட்டங்களாகத் தொடர்ந்து ஜெயித்துவந்த அந்த அணியைக் கொலம்பஸிலேயே மிச்சிகன் ஸ்டேட் 17-14 என்று கடைசி உதையில் தோற்கடித்தது. எலியட்டுக்கு அன்று கிடைத்தது வெறும் 33 யார்டு. ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர்கள் தனக்குப் பந்து தரவில்லை என்று செய்தியாளர்களிடமே பொரிந்து தள்ளினார். ரசிகர்களில் ஒரு பாதி அவர் பக்கம், மறு பாதி அவரைத் துரோகி என்றது. மிச்சிகன் ஸ்டேட்டின் முதன்மைக் குவார்ட்டர்பேக் கானர் குக் தோள் காயத்தால் அன்று ஆடவே இல்லை. மாற்று ஆட்கள் இருவரை வைத்துத்தான் ஜெயித்தார்கள்.