எழுதாத வரியில் பிழை வருவது எப்படி?

ஜாவா நிரல்மொழியைக் கற்கத் தொடங்கியிருக்கும் வாசகர் ஒருவர், உள்ளே ஒரு வரிகூட எழுதாத கிளாஸில் (ஆப்ஜெக்டுகளை உருவாக்குவதற்கான வார்ப்பு) கம்பைலர் (நாம் எழுதும் நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) எப்படிப் பிழை காட்டும் என்று கேட்டிருக்கிறார். ‘ஊழியர்’ என்றொரு கிளாஸ். அதைத் தாயாகக் கொண்டு அதன் கூறுகளைப் பெறும் (எக்ஸ்டெண்ட் செய்யும்) ‘மேலாளர்’ என்ற வெற்று கிளாஸ். இரண்டும் ஒழுங்காகக் கம்பைல் ஆகியிருக்கின்றன. பிறகு பெயரை வாங்கிக்கொள்ளும் கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதி) ஒன்றை ஊழியரில் சேர்த்திருக்கிறார். பிழையோ மேலாளரில் வந்திருக்கிறது.

அந்த வெற்று கிளாஸ் உண்மையில் வெறுமையாக இல்லை. கன்ஸ்ட்ரக்டரே எழுதப்படாத கிளாஸைக் கண்டால், ஆர்கியூமென்ட் (உள்ளே கொடுக்கும் மதிப்பு) எதுவும் கேட்காத கன்ஸ்ட்ரக்டர் ஒன்றை ஜாவா கம்பைலர் தானே சேர்த்துவிடுகிறது. ஓர் ஆப்ஜெக்டில் தாய் கிளாஸுக்கு உரிய பகுதி முதலில் தயாராக வேண்டும் என்பதால், தாயின் கன்ஸ்ட்ரக்டரை வெறுங்கையோடு அழைக்கும் ‘சூப்பர்’ வரியையும் அதற்குள் வைக்கிறது. ஐயமிருப்பவர்கள் வெற்று கிளாஸ் ஒன்றைக் கம்பைல் செய்து, ஜாவா உருவாக்கக் கருவித் தொகுப்பான ஜேடிகேயுடன் வரும் ‘ஜாவாப்’ கருவியால், கம்பைலர் ஆக்கித் தரும் கட்டளைகளான அதன் பைட்கோடைப் பிரித்துப் பார்க்கலாம். மூன்றே கட்டளைகள் இருக்கும். நடுவில் இருப்பதுதான் தாயை அழைப்பது.

நாமே ஒரு கன்ஸ்ட்ரக்டரை எழுதிவிட்டால் கம்பைலர் ஒதுங்கிக்கொள்கிறது. பெயரில்லாமல் ஊழியரை உருவாக்கக் கூடாது என்று நாம் விதித்த பிறகு, பெயர் கேட்காத கொல்லைப்புற வழியை அது திறந்துவைப்பது முறையாகாது. மிகச் சரியான முடிவு என்றே சொல்வேன். ஆனால் மேலாளரில் மறைந்திருக்கும் வரி இன்னமும் வெறுங்கையோடுதான் போய் நிற்கிறது. பிழைச்செய்தியின் முதல் வரியோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். தேவைப்பட்டது ஸ்ட்ரிங் (பெயர் போன்ற எழுத்துத் தொடர்), கிடைத்தது ஒன்றுமில்லை என்ற துப்பு அதற்கடுத்த வரிகளில்தான் இருக்கிறது.

தாய் கிளாஸில் வெற்று கன்ஸ்ட்ரக்டர் ஒன்றைச் சேர்த்தால் பிழை மறைந்துவிடும் என்பது பலர் காரணம் கேளாமல் செய்யும் பரிகாரம். பிழை மறைவது உண்மைதான், ஆனால் பெயர் ‘நல்’ (மதிப்பே இல்லாத நிலை) ஆகவே நின்று, நிரல் ஓடும்போது வேறெங்கோ வெடிக்கும். மேலாளருக்கும் ஒரு கன்ஸ்ட்ரக்டர் எழுதி, பெயரைச் சூப்பருக்குக் கொடுப்பதே நேர்வழி. அந்தச் சூப்பர் முதல் வரியாகவே இருக்க வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு, 2025இல் வந்த ஜாவா 25இல் தளர்ந்திருக்கிறது.

ஊழியரை மட்டும் மறுபடி கம்பைல் செய்தால் இந்தப் பிழை தென்படவே தென்படாது. மேலாளரின் பழைய கிளாஸ் கோப்பு, இப்போது இல்லாத கன்ஸ்ட்ரக்டரைத் தேடிப் போய், நிரல் ஓடும் நேரத்தில் ‘நோ சச் மெத்தட் எர்ரர்’ என்று நிற்கும்.