உங்கள் தளம் யார் பெயரில் இருக்கிறது?

போன தை மாதம் ஒரு சிற்றிதழ் ஆசிரியர் கூப்பிட்டார். பத்தாண்டுகளுக்கு மேலாக இணையத்தில் இதழ் நடத்துகிறவர், அச்சு இதழை நிறுத்திவிட்டு முழுக்க இணையத்துக்கு வந்தவர். "தம்பி, நம்ம தளத்தைத் திறந்தா ரம்மி விளம்பரமா வருது, யாரோ ஹேக் பண்ணிட்டாங்க போல, கொஞ்சம் பாருங்க" என்றார். பார்த்தேன். யாரும் ஹேக் செய்யவில்லை. டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், காலாவதியாகி நான்கு மாதம் ஆகியிருந்தது, வேறு யாரோ முறைப்படி பணம் கட்டி அதை வாங்கியிருந்தார்கள். நடுவில் இரண்டு மாதம் தளம் திறக்கவே இல்லையாம். சர்வர் கோளாறாக இருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்று விட்டிருக்கிறார்.

விசாரித்தால் கதை இதுதான். 2013இல் தளத்தைச் செய்துகொடுத்த பையன் தன்னுடைய மின்னஞ்சலில், தன்னுடைய கணக்கில், தன்னுடைய கார்டில் டொமைனைப் பதிவு செய்திருக்கிறான். ஏமாற்றும் எண்ணமெல்லாம் இல்லை, அவருக்கு எதற்குத் தொல்லை என்று செய்ததுதான். வருடாவருடம் அவனே புதுப்பித்து, பணத்தை இவரிடம் வாங்கிக்கொண்டிருக்கிறான். பிறகு வேலை மாறி வெளிநாடு போய்விட்டான், பழைய மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பதில்லை, கார்டும் மாறிவிட்டது. நினைவூட்டல்கள் எல்லாம் யாரும் பார்க்காத அந்தப் பெட்டியில் போய்க் குவிந்திருந்தன.

கோவையில் இணையதளப் பராமரிப்புதான் என் தொழில். சிறு பதிப்பகங்கள், சிற்றிதழ்கள், தனியாக எழுதுகிறவர்கள், இவர்கள்தான் பெரும்பாலும் என்னிடம் வருகிறார்கள். எழுத்தைப் பற்றியும் விளம்பர வருமானத்தைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். "டொமைன் யார் பேர்ல இருக்கு சார்?" என்று கேட்டால் மட்டும் பாதிப் பேர் முழிப்பார்கள். வீட்டு மனை வாங்கும்போது பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் மூன்று முறை பார்க்கிற அதே மனிதர்கள்தான். தளத்துக்கும் அப்படி ஒரு பத்திரம் உண்டு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பத்திரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். டொமைனை நாம் விலைக்கு வாங்குவதில்லை, குத்தகைக்கு எடுக்கிறோம். டாட் காம் என்றால் ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குக் கட்டலாம். காலாவதி ஆவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், காலாவதியான 5 நாட்களுக்குள் இன்னொரு முறையும், டொமைனைப் பதிவு செய்துகொடுத்த நிறுவனம் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது, உலக அளவில் டொமைன் பெயர்களை நிர்வகிக்கிற ஐகான் அமைப்பின் விதி. காலாவதியான அன்றே டொமைன் பறிபோய்விடாது. பதிவு நிறுவனம் 45 நாள் வரை வைத்திருக்கலாம், அந்த நாட்களில் சாதாரணக் கட்டணத்திலேயே பெரும்பாலும் புதுப்பித்துவிடலாம். ஆனால் சில நிறுவனங்கள் அதற்குள்ளேயே ஏலத்துக்கு விட்டுவிடும். ஏலத்தில் போகாமல் நீக்கப்பட்டால் மேலும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, அப்போது அபராதம் போல ஒரு பெரிய தொகை கட்ட வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு 5 நாள் எதுவும் செய்ய முடியாத நிலையில் கிடந்து, பொதுச் சந்தைக்கு வந்துவிடும். இப்படி விழுகிற பெயர்களைப் பிடிப்பதற்கென்றே நிரல் எழுதி வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பத்து வருடம் நல்ல எழுத்து வந்த முகவரிக்குக் கூகுளில் ஒரு மதிப்பு இருக்கும், நூற்றுக்கணக்கான தளங்களிலிருந்து இணைப்பு இருக்கும். சூதாட்டத் தளம் நடத்துகிறவர்களுக்கு அந்த மதிப்புதான் வேண்டும்.

எங்கள் ஆசிரியர் எல்லாக் கெடுவையும் தாண்டிவிட்டார். அவர் போட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்களின் பின்னட்டையில் அந்த முகவரிதான் அச்சாகியிருக்கிறது. நூலகங்களில் இருக்கிற அந்தப் புத்தகங்களை எடுத்துப் படித்துவிட்டு, ஒரு மாணவி ஆர்வமாக அந்த முகவரியைத் தட்டினால் என்ன வரும் என்று நினைத்தால் எனக்கு இன்னமும் வயிற்றைப் பிசைகிறது.

அதனால் இன்றைக்கே இதைச் செய்யுங்கள். டொமைன் பதிவு நிறுவனத்தின் தளத்தில் உங்களால் உள்ளே நுழைய முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது உங்களுடையது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நுழைந்தபின் உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயரும் நீங்கள் தினம் பார்க்கிற மின்னஞ்சலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் படுத்தால் அஞ்சலும் சேர்ந்து படுத்துவிடும், அப்புறம் கடவுச்சொல்லை மீட்கக்கூட வழி இருக்காது. வேறொருவர் கணக்கில் இருந்தால், மரியாதையாகக் கேட்டு உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனத்துக்குள் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றுவது பெரும்பாலும் சில நிமிட வேலை. இதைக் கேட்டால் டிசைனர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். நல்ல தொழில்காரர் கேட்டவுடன் தருவார், தராதவரிடமிருந்து எவ்வளவு சீக்கிரம் வாங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது.

"நான் இலவச பிளாகரில்தான் எழுதுகிறேன், இந்தத் தொல்லையெல்லாம் எனக்கில்லை" என்று சொல்வீர்கள். சரி, அதையும் பார்ப்போம். பிளாகர் கூகுளுடையது, அதில் எழுதுகிறவர்களுக்குக் கிடைப்பது பிளாக்ஸ்பாட் முகவரி. 2012 வாக்கில் கூகுள், இந்தியாவிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பிளாக்ஸ்பாட் டாட் காம் முகவரிகளைப் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்று மாற்றிக் காட்டத் தொடங்கியது. சில ஆண்டுகள் நம் ஆட்கள் இணைப்பை நகலெடுத்து ஃபேஸ்புக்கிலும் மின்னஞ்சலிலும் மற்றப் பதிவுகளிலும் ஒட்டியதெல்லாம் அந்த இன் முகவரியைத்தான். 2020ஆம் ஆண்டு நடுவில் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்கிற அந்த டொமைன் கூகுளின் கையை விட்டே போனது. ஆமாம், கூகுளின் கையை விட்டு. வேறொரு நிறுவனம் பதிவு செய்துகொண்டது. பதிவுகள் டாட் காமில் பத்திரமாக இருந்தன, ஆனால் அந்த ஆண்டுகளில் பரப்பிய இணைப்புகள் செத்துப்போயின. இன்றைக்கும் பழைய தமிழ்ப் பதிவுகளைப் படிக்கும்போது நடுவில் ஒரு இணைப்பைத் தட்டி, எங்கோ முட்டி நிற்கிறோமே, அதில் பல இப்படி வந்தவை. முகவரியில் இன் என்பதைக் காம் என்று மாற்றித் தட்டிப் பாருங்கள், பல நேரம் திறக்கும். உங்கள் பழைய பதிவுகளுக்குள் அந்த இணைப்புகள் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து திருத்திவிடுங்கள்.

அடுத்தவர் நிலத்தில் குடியிருந்து நாம் இழந்தவை இது மட்டுமில்லை. தமிழில் முதலில் இணையப் பக்கம் போட்டவர்கள் பலர் யாஹூவின் ஜியோசிட்டீஸ் என்கிற இலவச இடத்தில்தான் போட்டார்கள், 2009 அக்டோபரில் அதை மூடினார்கள். பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் போனது, வாசகர்கள் எந்த வழியாகத் தினமும் வந்துகொண்டிருந்தார்களோ அந்த வழி அடைபட்டது. யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரோடு சரி, தமிழில் எத்தனை இலக்கியச் சண்டைகளும் எழுத்துருச் சண்டைகளும் அங்கே நடந்தன! புதுப் பதிவுகளை வாசகர்களுக்கு அஞ்சலில் அனுப்பிய ஃபீட்பர்னர் மின்னஞ்சல் சேவை 2021இல் நின்றது. 2018 ஜனவரியில், நண்பர்கள், குடும்பத்தார் இடுகிறவற்றையே முன்னால் காட்டப்போகிறோம் என்று ஃபேஸ்புக் சொன்ன பிறகு, அதை நம்பியே தளம் நடத்திய என் வாடிக்கையாளர்கள் சிலருக்கு வருகை பாதிக்கும் கீழே போனது. இவற்றில் எதுவும் சட்டவிரோதம் இல்லை. அவர்கள் நிலம், அவர்கள் முடிவு. இலவச இடத்தில் எழுதாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எழுதுங்கள், ஆனால் பிளாகரிலேயே சொந்த டொமைனைப் பொருத்திக்கொள்ளுங்கள், ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்தான் ஆகும். நாளைக்கு வீடு மாறினாலும் கதவு எண் உங்களோடு வரும்.

அப்புறம் நகல். பிளாகரின் அமைப்புகளில் பேக்கப் எடுக்க வழி இருக்கிறது, பதிவுகளும் பின்னூட்டங்களும் இறங்கிவிடும். பதிவுகள் இருக்கிற கோப்புக்குள் படங்கள் இருக்காது, படங்களுக்கான முகவரி மட்டும்தான் இருக்கும், படங்களும் தனியாக இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். வேர்ட்பிரஸ் என்றால் இரண்டு பாகம்: எழுத்தெல்லாம் இருக்கிற தரவுத்தளம் ஒன்று, படங்களும் வடிவமைப்பும் இருக்கிற கோப்புறை இன்னொன்று. கோப்புறையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு தரவுத்தளத்தை விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்கள் கையில் படம் இருக்கும், ஒரு வரி எழுத்து இருக்காது. தளத்துக்கு இடம் தருகிற ஹோஸ்டிங் நிறுவனமே தினமும் பேக்கப் எடுக்கிறது என்பார்கள். அது அந்த நிறுவனத்திடமே இருக்கிற நகல். கட்டணத் தகராறில் கணக்கை முடக்கினால் அதுவும் சேர்ந்துதான் முடங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு நகலை உங்கள் வீட்டுக் கணினியிலோ ஹார்ட் டிஸ்கிலோ இறக்கி வையுங்கள். இறக்கியதைத் திறந்தும் பாருங்கள். இணையப் பக்கங்களை நகலெடுத்துச் சேமிக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவ் காப்பாற்றிவிடும் என்று நம்பி இருக்கவும் வேண்டாம். நல்ல மனிதர்கள், பெரிய தொண்டு, ஆனால் 2024 அக்டோபரில் அவர்களே தாக்குதலுக்கு ஆளாகி நாள்கணக்கில் முடங்கிக் கிடந்தார்கள். யூனிகோடுக்கு முன்னால் டிஸ்கி என்கிற பழைய எழுத்துக் குறியேற்றத்திலோ ஏதோ ஒரு சொந்த எழுத்துருவிலோ எழுதியவை உங்களிடம் இருந்தால் அவற்றை முதலில் மாற்றுங்கள், அந்த எழுத்துரு தொலைந்துபோனால் நகல் இருந்தும் படிக்க முடியாது.

பணம் வருகிற தளம் என்றால் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். தளங்களில் விளம்பரம் போட்டுப் பணம் தருகிற கூகுளின் ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில்தான் தமிழை ஏற்றுக்கொண்டது, அதற்குப் பிறகு பலரும் டிசைனரிடமே "நீங்களே போட்டு விட்டுருங்க" என்று விட்டுவிட்டார்கள். நான் பராமரிப்பை எடுத்துக்கொண்ட ஒரு சமையல் தளத்தில், தமிழ்நாடெங்கும் வாசகர்கள் இருந்தும் அந்த அம்மாவுக்கு ஒரு வருடத்தில் 100 டாலர் எட்டவில்லை. 100 டாலர் சேர்ந்தால்தான் ஆட்சென்ஸ் பணத்தை அனுப்பும். பார்த்தால் பக்கத்துக்கு நான்கு விளம்பரங்களில் மூன்று, தளத்தைச் செய்தவருடைய கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தன. உங்கள் தள முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு ஆட்ஸ் டாட் டிஎக்ஸ்டி (ads.txt) என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள், தளத்தில் விளம்பரம் விற்க யாருக்கு அனுமதி என்று சொல்கிற கோப்பு அது. அங்கே இருக்கிற வெளியீட்டாளர் எண் உங்கள் ஆட்சென்ஸ் கணக்கில் இருக்கிற எண்தானா என்று பாருங்கள். தெரியாத எண் இருந்தால் யாருடையது என்று கேளுங்கள். அதோடு நிறுத்தாமல் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து, அதே எண்தான் எல்லா விளம்பரத்திலும் இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

கடைசியாக, எழுதுகிறவர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பது. இதைப் பேச யாருக்கும் பிடிப்பதில்லை, ஆனால் தமிழ் வலைப்பதிவுகள் தொடங்கி இருபது ஆண்டு தாண்டிவிட்டது, அன்றைக்கு ஓய்வுபெற்றபின் எழுத வந்தவர்கள் பலர் இப்போது நம்மிடையே இல்லை. நம் சட்டப்படி எழுதியவர் இறந்தபின் 60 ஆண்டு பதிப்புரிமை குடும்பத்துக்கு இருக்கிறது. கணக்குக்குள் நுழைய வழி இருக்கிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. இரண்டு ஆண்டு யாரும் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் 2023இல் விதி கொண்டுவந்தது. அதே கூகுளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்று ஒரு வசதி 2013இலிருந்து இருக்கிறது. நீங்கள் 3 மாதமோ, 6 மாதமோ, அதிகபட்சம் 18 மாதமோ கணக்கைத் தொடாவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதையெல்லாம் அவர்கள் இறக்கிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம், 10 பேர் வரை. பத்து நிமிட வேலை. என்னிடம் வருகிறவர்களை எதிரில் உட்காரவைத்து இதைச் செய்யவைத்துத்தான் அனுப்புகிறேன்.

அப்படிச் செய்ய ஆரம்பித்தது ஒரு தமிழாசிரியரின் மகள் வந்துபோன பிறகு. அப்பா 2007இலிருந்து எழுதியவர், நானூற்றுச் சொச்சம் பதிவுகள், கொங்கு வட்டாரச் சொற்கள், ஊர்க் கோயில்கள், தன் மாணவர்கள் பற்றியெல்லாம். அவர் போன பிறகு ஃபோன் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டார்கள், அது வேறொருவர் கைக்குப் போய்விட்டது, ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் போகும். இறப்புச் சான்றிதழோடு கூகுளுக்கு விண்ணப்பிக்கலாம், செய்தோம். கடவுச்சொல்லை அவர்கள் தருவதில்லை, உள்ளடக்கத்தைத் தருவதும் அவர்கள் முடிவு, இன்னும் பதில் வரவில்லை. நல்லவேளையாகப் பதிவுகள் எல்லாம் பொதுவில் இருந்தன. அந்தத் தளத்தின் செய்தியோடை, அதாவது பதிவுகளை வரிசையாகத் தருகிற ஃபீட், வழியாக எல்லாப் பதிவுகளையும் தொகுதி தொகுதியாக இறக்கினேன். படங்களின் முகவரியில் அளவைக் குறிக்கிற எஸ்320 என்று இருந்ததை எஸ்1600 என்று மாற்றியதும் பெரிய அளவுப் படங்கள் கிடைத்தன. கோயில் கல்வெட்டு ஒன்றின் எழுத்துகள் அதில்தான் படிக்கும்படி தெரிந்தன. அந்தம்மா அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய கடைசிப் பதிவின் கீழே ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஐயா, பத்து நாளாப் பதிவையே காணோமே, உடம்புக்கு நலமா?" மகள் அதற்குப் பதில் எழுதியிருக்கிறார், அப்பா தவறிவிட்டார் என்று. ஆனால் 14 நாளைத் தாண்டிய பதிவுகளுக்கு வருகிற பின்னூட்டங்களை மட்டுறுத்தலில், அதாவது தான் ஒப்புதல் தந்த பிறகே வெளியாகும்படி, வைத்திருந்தார் அந்த ஆசிரியர். மகள் எழுதிய பதில், அப்பாவின் ஒப்புதலுக்காக இன்னமும் காத்திருக்கிறது.