2.10 பெரியதா, 2.9 பெரியதா?

நயினார்குளம் மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர் போன வாரம் கூப்பிட்டார். "தம்பி, கழிவுக் கணக்கு தப்பா வருதுன்னதுக்கு அடுத்த அப்டேட்ல சரியாயிரும்னு சொன்னாவ. இப்ப அப்டேட் விட்டாச்சுங்காவ. எனக்கு வரலியே?" போய்ப் பார்த்தால் அவர் கணினியில் இருப்பது கணக்கு மென்பொருளின் 2.9 பதிப்பு, அதைச் செய்த கம்பெனி வெளியிட்டிருப்பது 2.10. மென்பொருளோ, நீங்கள் வைத்திருப்பதுதான் புதியது என்று பச்சை எழுத்தில் சாதிக்கிறது. நெட் சரியில்லை, ஆன்டிவைரஸ் தடுக்கிறது என்று அந்த மனிதரைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறார்கள். இதே கதையை எத்தனை கடையில்தான் பார்ப்பது!

பதிப்பு எண்ணை ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்து வரிசையாக வைத்துக்கொண்டு, எது பெரிது என்று நேரே கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் புள்ளிக்கு அப்புறம் 1-க்கும் 9-க்கும்தான் போட்டி, 9 ஜெயித்துவிடும். 2.1 முதல் 2.9 வரை ஒழுங்காக ஓடியதால் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை.

இதைச் சொன்னதும் அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன், "சரி சார், ஃப்ளோட்டா மாத்திருதேன்" என்கிறான். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். தம்பி, ஃப்ளோட் என்றால் தசம எண், பதிப்பு எண் தசம எண் இல்லை. நடுவில் இருக்கும் புள்ளி பைசாவைப் பிரிக்கிற புள்ளி இல்லை. 2 தனி எண், 10 தனி எண். தெருவில் 2/9-க்கு அப்புறம் 2/10 வருகிறது. தபால்காரர் 2/10-க்கு வந்த கடிதத்தை 2/1-ல் போட்டுவிட்டுப் போவதில்லை. ஃப்ளோட் அதைத்தான் செய்யும்: 2.10 அதன் கண்ணுக்கு 2.1, அதாவது ஸ்ட்ரிங்கில் இருந்த தப்பு அப்படியே இருக்க, இரண்டு வெவ்வேறு பதிப்புகள் ஒன்றாகிப்போனதுதான் மிச்சம். 2.10.3 என்று வந்தால் பைத்தானாவது பிழை காட்டி நிற்கும். ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்ஃப்ளோட் 2.1 என்று கமுக்கமாகக் கொடுத்துவிடும். இன்டர்வியூவில் பைனரி ட்ரீயைத் தலைகீழாகப் புரட்டிக் காட்டுகிற பிள்ளைகள்தான் இதில் வழுக்கி விழுகிறார்கள்.

சின்னக் கம்பெனிகளின் வியாதி என்றும் நினைக்க வேண்டாம். 2009-ல் ஓபரா பிரவுசர் 10-வது பதிப்புக்கு வந்தபோது, பல தளங்கள் முதல் இலக்கத்தை மட்டும் படித்து அதை 1 என்று எடுத்துக்கொண்டதால், தளங்களிடம் பிரவுசர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் யூசர் ஏஜென்ட் வரியில் 9.80 என்றே சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று. 2022-ல் குரோம் 100-ஐத் தொட்டபோதும், மூன்று இலக்கம் வருகிறது, உங்கள் தளத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியிருந்தது.

ஏற்கெனவே 2.9-ல் சிக்கிக்கிடப்பவர்களுக்கு, திருத்திய புரோகிராம் கோடை 2.11 என்று விட்டாலும் போய்ச் சேராது. ஒப்பிடுவது அவர்களிடம் இருக்கும் பழைய கோடு. 3.0 என்று பெயர் வையுங்கள், பழைய கோடும் அதைப் பெரியது என்று ஒத்துக்கொள்ளும். இல்லையென்றால் பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைய வேண்டியதுதான்.

தயவுசெய்து ஒப்பிடும் கோடைச் சொந்தமாக எழுதாதீர்கள். அதற்கென்று எழுதிவைத்தது ஏற்கெனவே இருக்கிறது: பிஎச்பியில் வெர்ஷன்_கம்பேர், ரூபியில் ஜெம்::வெர்ஷன், பைத்தானில் பேக்கேஜிங் லைப்ரரியின் வெர்ஷன், ஜாவாஸ்கிரிப்டில் செம்வெர். பழைய பாடத்தைப் பார்த்து பைத்தானோடு முன்பு வந்த டிஸ்ட்யூட்டில்ஸில் இருந்து லூஸ்வெர்ஷனை எடுக்காதீர்கள், பைத்தான் 3.12-லேயே டிஸ்ட்யூட்டில்ஸைத் தூக்கிவிட்டார்கள். புள்ளியில் வெட்டி எண்ணாக மாற்றினால் போதாதா என்றால், முக்கால்வாசி போதும், 2.10.0-ஆர்சி.1 என்று ஒன்று வரும்வரை. ஆர்சி என்றால் ரிலீஸ் கேண்டிடேட், வெளியீட்டுக்கு முன் விடும் வெள்ளோட்டப் பதிப்பு. அது 2.10.0-க்கு முந்தியது, ஆனால் ஸ்ட்ரிங்காகப் பார்த்தால் பிந்தியது போலத் தெரியும். டெஸ்டில் 9-ல் இருந்து 10-க்குத் தாவும் கேஸ் ஒன்றும், ஆர்சி கேஸ் ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும்.

அப்புறம், யாமல் (அமைப்புகளை எழுதிவைக்கும் YAML) கோப்பில் பைத்தான் பதிப்பு 3.10 என்று எழுதும்போது மேற்கோள் குறிக்குள் போடுங்கள். போடாவிட்டால் அது 3.1 ஆகிவிடும், பில்டு ஏன் விழுகிறது என்று ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு போன் அடிக்காதீர்கள்.