பெல்லட் அடுப்பு தன்னைத்தானே எவ்வளவு சுத்தம் செய்துகொள்ளும்?

மார்கழி, தை மாதங்களில் மூணாறின் செண்டுவாரை, லெட்சுமி எஸ்டேட் பக்கம் விடியற்காலையில் புல் வெளுத்துக் கிடக்கும். சில நாட்களில் வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே போகும். அந்தக் குளிரில் அறையைச் சூடாக்கப் பெல்லட் அடுப்பு விசாரிக்கப் போனால் கடைக்காரர் முதலில் சொல்வது ‘இது தானே சுத்தம் பண்ணிக்கும்’ என்பதைத்தான். பொய்யில்லை. ஆனால் அடுப்பின் எந்தப் பகுதியை, எந்த எரிபொருளின் சாம்பலிலிருந்து என்று கேட்டால்தான் விஷயம் புரியும்.

பெல்லட் என்பது உலர்ந்த மரத்தூளை அழுத்தித் துளை வழியே பிதுக்கிய குச்சி. வீட்டு அடுப்புக்கானது 6 மி.மீ. தடிமன் இருக்கும். பசை சேர்க்க வேண்டியதில்லை. மரத்திலுள்ள லிக்னின் அழுத்தத்திலும் சூட்டிலும் இளகி, ஆறும்போது பிடித்துக்கொள்ளும். அடுப்புத் தொட்டியில் கொட்டிய பெல்லட்டை ஒரு திருகு மெதுவாகச் சுழன்று மேலேற்றி, சரிவுக் குழாய் வழியாகக் கைப்பிடியளவே உள்ள இரும்புக் கிண்ணத்தில் போடும். கிண்ணத்தின் அடியிலும் பக்கத்திலும் துளைகள் உண்டு. பற்றவைக்க சுமார் 300 வாட் சூட்டுக் கம்பி ஒன்று சில நிமிடங்கள் வேலை செய்யும். பிறகு புகை விசிறி புகையை வெளியே இழுக்க, அந்த இழுப்பிலேயே புதுக் காற்று துளைகள் வழியே உள்ளே நுழையும். இன்னொரு விசிறி அறைக் காற்றைச் சூடான குழாய்களின் மேல் ஓட்டித் திருப்பி அனுப்பும்.

இந்த ஏற்பாடு முழுவதும் அந்தச் சின்னத் துளைகளை நம்பித்தான் இருக்கிறது. அவை அடைத்தால் அடியில் காற்று கிடைக்காமல் நெருப்பு சோம்பிவிடும். துடிப்பான வெளிர் மஞ்சள் சுடர், நீண்டு ஆடும் செம்மஞ்சள் சுடராக மாறும். கண்ணாடி ஒரே நாளில் கருக்கும். விழும் பெல்லட் எரிந்து தீராமல் குவியும்.

அடைப்பது சாம்பல். குளிர்கால இரவொன்றுக்கு 10 கிலோ பெல்லட் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பாவின் ‘ஈஎன் பிளஸ் ஏ1’ தரத்தில் சாம்பல் 0.7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது இரவுக்கு 70 கிராம்தான். 5 சதவீதச் சாம்பலுள்ள கடலைத்தோல் கலவை என்றால் அரைக் கிலோ. உமி கலந்தால் கேட்கவே வேண்டாம்: உமியின் எடையில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல்தான். ஐரோப்பிய அடுப்பின் துப்புரவு ஏற்பாடு அந்த 70 கிராமை மனத்தில் வைத்துச் செய்தது.

அளவைவிட மோசம், சாம்பலின் குணம். பயிர்க்கழிவில் பொட்டாசியமும் சிலிக்காவும் அதிகம். இரண்டும் சேர்ந்தால் கண்ணாடி உருகுவதுபோல, மரச் சாம்பலைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகி ஒட்டிக்கொள்ளும். ஆறியதும் கல். தேயிலை ஃபாக்டரி பாய்லரில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்கள் வாயில் இதன் பெயர் கிளிங்கர்.

தானே சுத்தம் செய்வதில் இரண்டு வகை முக்கியம். முதலாவது காற்று வகை. அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒரு முறை திருகு வேகம் குறைந்து, புகை விசிறி ஒரு நிமிடம் போல முழு வேகத்தில் ஓடும். லேசான சாம்பல் கிண்ணத்திலிருந்து பறந்துவிடும். தனி மோட்டார் கிடையாது, பழுதாக ஒன்றுமில்லை. ஆனால் தூளைத்தான் ஊத முடியும், கல்லை ஊத முடியாது. மூணாறு டவுன் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறத்தாழ 14 சதவீதம் குறைவு. அதே விசிறி, அதே வேகம், ஆனால் ஊதும் பலமும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். பொருத்துபவர் விசிறி வேகத்தைக் கூட்டியோ பெல்லட் விழுவதைக் குறைத்தோ சரிசெய்து தர வேண்டும். சமவெளிக் கணக்கில் விட்டுப்போனால் மாதம் முழுவதும் கரிதான்.

இரண்டாவது இயந்திர வகை. கிண்ணத்தின் அடித்தட்டு மோட்டாரால் நகர்ந்தோ கவிழ்ந்தோ சாம்பலைக் கீழுள்ள தட்டில் தள்ளும். பெரும்பாலும் பற்றவைக்கும் முன்போ அணைந்த பின்போ நடக்கும். சிறு கிளிங்கரையும் சுரண்டிவிடும் என்பதால் சாம்பல் கூடிய பெல்லட்டுக்கு இதுவே மேல். குறை, கொஞ்சம் பெரிய கட்டி இடுக்கில் மாட்டினால் தட்டு முழுதாக மூடாது. சென்சார் அதைக் கண்டால் அடுப்பு பிழை காட்டி நின்றுவிடும். காணாவிட்டால் இன்னும் தொல்லை: காற்று இடுக்கு வழியே ஓடிவிடும், சூட்டுக் கம்பிக்கு நேரே பெல்லட் நிற்காது, பற்றாத பெல்லட் மலையாகக் குவியும். அந்தக் குவியலை அப்படியே மறுபடி பற்றவைக்கக் கூடாது. தேங்கிய புகை ஒரேயடியாகப் பிடித்துக் கதவை அதிரவைக்கும். அள்ளி வெளியே போட்டுவிட்டுத்தான் சுவிட்சைத் தொட வேண்டும்.

இரண்டு வகையும் சுத்தம் செய்வது கிண்ணத்தை மட்டுமே. ஊதிய சாம்பல் மாயமாய் மறைவதில்லை. வெப்பக் குழாய்களின் மேல், தடுப்புத் தகட்டுக்குப் பின்னால், புகை விசிறியின் இறக்கைகளில், சிம்னியின் ‘டி’ எழுத்து வடிவ இணைப்பில் போய்ப் படியும். வெப்பக் குழாயில் படிந்த சாம்பல் போர்வைபோலச் சூட்டைத் தடுத்து, அதைப் புகையோடு வெளியே அனுப்பும். ஆகவே நல்ல மரத்தூள் பெல்லட்டானாலும் வாரம் ஒரு முறை சாம்பல் தட்டு, மாதம் ஒரு முறை தகட்டுக்குப் பின்புறம், பருவம் முடிந்ததும் விசிறியும் சிம்னியும் என்று கை வேலை இருக்கவே இருக்கிறது. கதவு ஓரத்தில் காற்றுப் புகாமல் அடைக்கும் கயிற்றையும் பாருங்கள்: ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் லேசாக வரக் கூடாது. வந்தால் கயிறு மாற்றும் நேரம்.

எங்கள் கணிப்பில், பெரும்பாவூர் போன்ற மர ஆலைப் பகுதியிலிருந்து சுத்தமான மரத்தூள் பெல்லட் தொடர்ந்து கிடைக்குமானால் காற்று வகையே போதும். பிளைவுட் தூள் கலந்தது வேண்டாம். அதில் பசை இருக்கிறது. ஆலைக் கொதிகலன்களுக்காகச் செய்த கலப்படப் பெல்லட்தான் கிடைக்கும் என்றால் இயந்திர வகைக்குக் காசு கொடுக்கலாம், உதிரி மோட்டார் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு. பெல்லட்டின் தடிமனையும் அளந்து பாருங்கள், 6 மி.மீ. பெல்லட்டுக்கான திருகில் 10 மி.மீ. குச்சி சிக்கிக்கொள்ளும்.

சாம்பலை வீட்டிலேயே அளக்கலாம். 200 கிராம் பெல்லட்டை இரும்புச் சட்டியில் வெளியில் வைத்து, கருப்பே தெரியாமல் சாம்பலாகும்வரை எரித்து, சமையலறைத் தராசில் நிறுங்கள். 2 கிராம் என்றால் 1 சதவீதம். 10 கிராம் வந்தால் அந்த மூட்டை வேண்டாம்.

அறையின் தேவைக்கு மீறிய பெரிய அடுப்பும் கரி பிடிக்கும், ஏனென்றால் எப்போதும் குறைந்த தீயிலேயே ஓடும். ஒரு கிலோ பெல்லட் அறைக்குத் தருவது சுமார் 4 யூனிட் சூடு. 18 சதுர மீட்டர் அறையின் வெறும் தகரக் கூரை, உள்ளுக்கும் வெளிக்கும் 16 டிகிரி வித்தியாசம் இருந்தால், தனியாகவே சுமார் 2 கிலோவாட்டைத் தின்றுவிடும். கீழே பலகை சீலிங் அடித்தால் அது பாதிக்கும் கீழே இறங்கும். சீலிங்கை அடித்துவிட்டு அடுப்பின் அளவைத் தேர்ந்தெடுங்கள். அடுப்பு தரும் உச்சச் சூட்டைவிட, எவ்வளவு குறைந்த சூட்டில் ஓடும் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

மழைக்காலத்தில் கரண்ட் போனால் விசிறி நிற்கும். குழாயைச் சுவர் வழியே நேரே வெளியே விட்டிருந்தால் புகை அறைக்குள் திரும்பும். செங்குத்தாக 3 மீட்டராவது மேலெழும் சிம்னி இருந்தால் தானாக இழுத்துக்கொள்ளும். அத்துடன் சைன் வேவ் இன்வர்ட்டரும், தூங்கும் அறையென்றால் கார்பன் மோனாக்சைடு அலாரமும் அவசியம். பெல்லட்டை மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் வையுங்கள்; ஆடி மாத ஈரத்தில் திறந்த மூட்டை ஊதிப் பொடியாகி, திருகை அடைக்கும்.

சாம்பலை ஆறிய பிறகே மூடியுள்ள தகர வாளியில் அள்ளுங்கள். உள்ளே கங்கு மறுநாள்வரை உயிரோடிருக்கும். கலப்பில்லாத மரச் சாம்பலை வாழைக்கும் காய்கறிக்கும் போடலாம், பொட்டாஷ் உண்டு. தேயிலைச் செடிக்குப் போடாதீர்கள்: அது அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும், சாம்பலோ காரத்தன்மையுள்ளது.