பழைய வீட்டை முதலில் இடிக்காதீர்கள்

குமரி மாவட்டத்தில் ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை கடலை ஒட்டிய ஊர்களில் வீடு போவதற்குக் கடலரிப்பு மட்டும் காரணமில்லை, ஜேசிபியும்தான். ஒழுகுகிற ஓட்டு வீட்டை ஒரே நாளில் தரைமட்டமாக்கிவிட்டு, அதன்பிறகு அனுமதி கேட்டு மனு எழுதுகிறார்கள். கடலோரக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசின் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி, புது வீட்டைத் தடுக்கும் இடத்திலும் இருக்கிற வீட்டுக்கு வழி விடுகிறது. இடித்தபின் அந்த ‘இருக்கிற வீட்டை’ எதைக் கொண்டு நிரூபிப்பது?

கட்டுமானத் தடைப் பகுதிக்குள் அங்கீகாரம் பெற்ற பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்கலாம், திருப்பியும் கட்டலாம். ஆனால் பேஸ்மட்டப் பரப்பு (வீடு தரையில் அடைக்கும் இடம்), தளப்பரப்புக் குறியீடு (எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி மனைப் பரப்பால் வகுத்தது), அடர்த்தி மூன்றும் பழைய அளவைத் தாண்டக் கூடாது. 3 சென்ட் மனை ஏறத்தாழ 121 சதுர மீட்டர். அதில் 20க்கு 25 அடி வீடு 46.5 சதுர மீட்டர், குறியீடு 0.38. முன்னால் 4 அடி சிட் அவுட் இழுத்தால் பேஸ்மட்டம் மீறும். அதை விட்டுவிட்டு மேலே முழு மாடி போட்டால் பேஸ்மட்டம் மாறாது, குறியீடு இரட்டிப்பாகிவிடும். ‘மாடிதானே’ என்று கொத்தனார் சொல்வதை நம்ப வேண்டாம்.

தடைப் பகுதி எவ்வளவு தூரம்? இந்த விதியின் 2019 அறிவிக்கைப்படி, ஊரகக் கடற்கரையில், 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசிக்கும் இடமென்றால் உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லை) 50 மீட்டர். அந்த அறிவிக்கைப்படி தயாரிக்கும் புதிய கடலோர மண்டல வரைபடம் ஒப்புதல் பெற்றால்தான் இந்தச் சலுகை. இல்லையேல் 200 மீட்டர்தான். மணல் விளிம்பிலிருந்து டேப் பிடித்து அளப்பது வீண்வேலை. வரைபடத்தில் உங்கள் புல எண்ணைப் பாருங்கள்.

சான்றுகளில்தான் அதிகம் சிக்கல். இந்த விதியின் முதல் அறிவிக்கை வந்தது 19.2.1991. அதற்கு முந்தைய வரிவிதிப்புப் பதிவேட்டு நகல், மின் இணைப்புத் தேதி இரண்டையும் வாங்கி வையுங்கள். ரேஷன் கார்டு ஆள் குடியிருந்ததைச் சொல்லும், கட்டடத்தின் அளவைச் சொல்லாது. வரி ரசீதும் அங்கீகாரம் ஆகாது. திருவிதாங்கூர் காலத்து மலையாளப் பத்திரமென்றால் மொழிபெயர்ப்போடு பழைய சர்வே எண்ணுக்கு நேரான மறுசர்வே எண்ணும் வேண்டும்.

அங்கீகாரமே இல்லாத மீனவர் வீடுகளுக்கும் வழி உண்டு. 1991 விதிப்படி அனுமதிக்கத்தக்கதாக இருந்து, முறையான ஒப்புதல் மட்டும் பெறாத பாரம்பரியக் கடலோர மக்களின் வீடுகளை வரன்முறைப்படுத்தலாம். நிபந்தனை இரண்டு: வணிகத்துக்குப் பயன்படக் கூடாது, அந்தச் சமூகத்துக்கு வெளியே விற்கவோ கைமாற்றவோ கூடாது. கன்னியாகுமரிப் பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்கு அறை விட நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். பேஸ்மட்டமும் முகப்பும் மாறாமல் ஹோம் ஸ்டே நடத்த உள்ளூர் மக்களை 2019 அறிவிக்கை அனுமதிக்கிறது என்பது உண்மை. ஆனாலும் வரன்முறை கேட்டிருக்கும் வீட்டுக்கு அந்த வணிகத் தடை உண்டு, அங்கே போர்டு மாட்டாதீர்கள்.

சொந்தக் குடியிருப்பு 300 சதுர மீட்டருக்குள் என்றால் உள்ளாட்சியே ஒப்புதல் தரலாம். மனுவோடு நான்கு மூலையிலும் டேப் வைத்து எடுத்த படங்கள், பேஸ்மட்ட அளவு குறித்த வரைபடம், புல வரைபடம் ஆகியவற்றை இணைத்து, தேதி முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள். எழுத்தில் அனுமதி வரும்வரை கூரை ஓட்டைக்கூட இறக்க வேண்டாம்.