எவர்சில்வர் குழாயின் உள்பக்கத்தைப் பாருங்கள்

என் பட்டறை மேசையில் ஒரு குழாய்த் துண்டு கிடக்கிறது. ஒன்றரை அங்குலம், 304 கிரேடு, எல்போ என்கிற வளைவுத் துண்டோடு சேர்த்து வெல்டு அடித்தது. நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து வைத்திருக்கிறேன். வெளிப்பக்கம் வெல்டு வரி மீன் செதில் அடுக்கியதுபோல் ஒழுங்காக இருக்கும். தடவிப் பார்க்கிற யாரும் குறை சொல்லமாட்டார்கள். அதே ஜாயிண்டைத் திருப்பிப் பார்த்தால், உள்ளே கருகிய வெல்லப்பாகு உறைந்ததுபோல் கரடுமுரடாக ஒரு வளையம். நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். அதன் இடுக்குகளில் மஞ்சள் பூத்துக் காய்ந்து கிடப்பது இட்லி மாவு.

அந்த ஜாயிண்டை அடித்தவன் நான்தான். தொழிலுக்கு வந்து நான்காவது வருடம். கோவைக்குப் பக்கத்தில் மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடும் ஒரு யூனிட்டுக்குச் செய்த வேலை. கிரைண்டரிலிருந்து பாக்கெட் போடும் ஹாப்பர் தொட்டி வரை பம்பில் மாவு போகும் லைன். எட்டு மாதம் கழித்து உரிமையாளர் போன் செய்தார். "தம்பி, மூணு நாள் தாங்கற மாவு ஒண்ணரை நாள்ல புளிச்சுப் போகுதுங்க. அரிசி மாத்தியாச்சு, உளுந்து மாத்தியாச்சு, தண்ணியும் டெஸ்ட் பண்ணியாச்சு. உங்க லைனையும் ஒருக்கா வந்து பாத்துருங்க" என்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை. தினமும் சுடுதண்ணீரும் காஸ்டிக்கும் விட்டுத்தான் கழுவியிருக்கிறார்கள். கழுவின தண்ணீர் தெளிவாகத்தான் வந்திருக்கிறது. எல்போவை அறுத்துத் திறந்ததும் வந்த வாடையில் எல்லாருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. பழைய மாவு அந்த வளையத்தில் ஒட்டிக்கொண்டு, தினமும் புது மாவுக்கு உறை ஊற்றிக்கொண்டிருந்தது.

எவர்சில்வர் என்றால் துருப்பிடிக்காது, கெட்டுப்போகாது என்றுதான் வீட்டிலும் நினைக்கிறோம், பட்டறையிலும் நினைக்கிறோம். அந்தக் குணம் அதற்கு குரோமியத்தால் வருகிறது. இரும்பில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால், காற்று பட்டதும் மேலே ஒரு குரோமியம் ஆக்சைடு படலம் தானாகவே உருவாகும். சில நானோமீட்டர் தடிமன்தான், கண்ணுக்குத் தெரியாது. 304-ல் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். ஆர்கான் வெல்டிங்கில் டார்ச்சிலிருந்து வரும் ஆர்கான் கேஸ் வெளிப்பக்கத்தை மட்டும்தான் காக்கும். உலோகம் உருகுவதோ குழாயின் முழுத் தடிமனுக்கும். உள்ளே இருக்கும் சாதாரணக் காற்று அந்தச் செந்தழலில் பட்டதும் குரோமியம் எரிந்து அந்தக் கருப்பு வளையமாகிறது. பட்டறையில் இதைச் சுகரிங் என்பார்கள். சுரண்டி எடுத்துவிட்டாலும் அடியில் குரோமியம் குறைந்த தோல் நிற்கும். முதலில் துரு வருவது அங்கேதான்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. குழாயின் இரு முனைகளையும் அடைத்து உள்ளேயும் ஆர்கான் விட வேண்டும், அவ்வளவுதான். அடைப்பதற்கு ஸ்பான்ஞ்சும் அலுமினியம் டேப்பும் போதும். ஆர்கான் காற்றைவிடக் கனம் என்பதால் கீழ் முனையில் கேஸை விட்டு மேல் முனையில் சின்னதாக ஓட்டை வைத்தால், காற்றை அடியிலிருந்து தூக்கி வெளியேற்றிவிடும். உள்ளே இருக்கிற கொள்ளளவைப்போல் பல மடங்கு கேஸ் ஓடிய பிறகே ஆர்க் பிடித்து வெல்டைத் தொடங்க வேண்டும். இந்தப் பொறுமைதான் நிறையப் பேரிடம் இல்லை. வளையம் மூடப்போகும் கடைசி அரை அங்குலத்தில் கேஸைக் குறைக்க மறந்தால், உள்ளழுத்தம் உருகின உலோகத்தை வெளியே தள்ளிப் பள்ளமாக்கிவிடும். பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

வேலை சரியா என்று நிறமே சொல்லும். உள்பக்கம் வெள்ளியாகவோ லேசான வைக்கோல் நிறமாகவோ இருந்தால் நல்ல வேலை. நீலம் வந்தால் உள்ளே காற்று மிச்சம் இருந்திருக்கிறது. சாம்பலோ கருப்போ என்றால் அந்த ஜாயிண்டை வெட்டி எடுக்க வேண்டும், பேச்சே இல்லை. அமெரிக்க வெல்டிங் சங்கம் இதற்கென்றே டி18.2 என்ற நிற வழிகாட்டி வைத்திருக்கிறது. என் பட்டறையில் நாங்களே ஒரு குழாயில் கேஸ் அளவை மாற்றி மாற்றி வெல்டு அடித்துப் பிளந்து, வேலைக்கு வருகிற பையன்கள் கண்ணில் படுகிற மாதிரி சுவரில் மாட்டியிருக்கிறோம்.

மாவு புளித்ததோடு போனது எங்கள் நல்ல நேரம். 2008-ல் கனடாவில் இறைச்சித் துண்டு போடும் இயந்திரங்களின் உள் இடுக்குகளில் லிஸ்டீரியா கிருமி தங்கி, அந்த இறைச்சியைச் சாப்பிட்ட 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். இயந்திரத்தை அவர்களும் கழுவிக்கொண்டுதான் இருந்தார்கள். லிஸ்டீரியா ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும். ஒரு இடுக்கில் பிசுபிசுப்பான படலமாகப் படிந்துவிட்டால் மேலே ஓடுகிற சோப்புத் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. அதனால்தான் 3-ஏ போன்ற சுகாதாரத் தரங்களில், உணவு படும் பரப்பின் சொரசொரப்பு சராசரி 0.8 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது என்கிறார்கள். உணவு படுகிற பக்கத்தில் விட்டு விட்டு டாக் (சின்னப் புள்ளி வெல்டு) வைப்பது, தகட்டின்மேல் தகடு ஏற்றி ஓரத்தில் மட்டும் வெல்டு அடிப்பது, மரை தெரிகிற மாதிரி போல்ட் போடுவது எல்லாமே கிருமிக்கு வீடு கட்டிக் கொடுக்கிற வேலைதான். ஹாப்பர் மூலையைச் செங்குத்தாக மடிக்காமல் வளைவாக எடுத்தால் ஒரு துணியே போதும், துடைத்துவிடலாம்.

தகட்டிலும் ஏமாற்று நடக்கிறது. 304 என்று சொல்லி 202 கொடுப்பது மார்க்கெட்டில் சகஜம். காந்தம் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை, 202-லும் ஒட்டாது. 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸை ஏற்றியிருப்பார்கள். புளியும் உப்பும் படுகிற இடத்தில் சீக்கிரமே புள்ளி விழும். கண்டுபிடிக்கச் சின்ன பாட்டிலில் டெஸ்டிங் லிக்விட் கிடைக்கிறது. ஒரு சொட்டு விட்டு பேட்டரி முனையை வைத்தால் நிறம் காட்டிக் கொடுத்துவிடும். பெரிய ஆர்டர் என்றால் மில் சான்றிதழைக் கேட்டு, அதிலுள்ள ஹீட் நம்பர் (உலோகத்தை உருக்கிய தொகுதியின் எண்) தகட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஊறுகாய் போடுகிறவர்களுக்கு 304 கூடப் போதாது. 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உள்ள 316 எல் வாங்குங்கள், உப்பை அதுதான் தாங்கும்.

இன்னொன்று, காலையில் எம்.எஸ். (சாதா இரும்பு) கேட்டைத் தேய்த்த கிரைண்டிங் வீலை மதியம் எஸ்.எஸ். (எவர்சில்வர்) தொட்டியில் வைக்காதீர்கள். இரும்புத் துகள் பதிந்து, நாலு தடவை தண்ணீர் பட்டதும் தொட்டி முழுக்கச் செம்புள்ளி பூக்கும். "நீ கொடுத்தது எவர்சில்வரே இல்லை" என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார், அவர் மேல் தப்பும் இல்லை.

வேலை செய்கிற தம்பிகளிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பால் தொட்டிக்குள்ளோ கொப்பரைக்குள்ளோ இறங்கி வெல்டு அடிக்கும்போது, ஆர்கான் அடியில் குளம்போல் தேங்கும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, இருமல்கூட வராது. கீழே விழுந்த ஃபில்லர் ராடை (வெல்டில் உருக்கிச் சேர்க்கும் கம்பி) எடுக்கக் குனிந்தவன் இரண்டு மூச்சில் மயங்கலாம். அவனைத் தூக்கப் பதறிக் குதிக்கிறவனும் அங்கேயே விழுவான். தொட்டிக்குள் காற்றை அடிக்கும் புளோயர் ஓட வேண்டும், மேலே ஓர் ஆள் நின்றுகொண்டே இருக்க வேண்டும், ஆக்சிஜன் மீட்டர் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் உடனே ஏறிவிட வேண்டும். டீ குடிக்கப் போகும்போது டார்ச்சை உள்ளே போட்டுவிட்டுப் போகாதீர்கள், வால்வு லேசாகக் கசிந்தாலே போதும்.

வெல்டு கறையை எடுக்கத் தடவுகிற பிக்ளிங் பேஸ்ட்டில் நைட்ரிக் அமிலத்தோடு ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் இருக்கிறது. கையில் பட்டால் பல நேரம் உடனே எரியாது. அதுதான் ஆபத்து. தோலைத் தாண்டி உள்ளே போய் எலும்பைப் பிடிக்கும், உடம்பிலுள்ள கால்சியத்தைக் குறைத்து இதயத்தையே நிறுத்தவும் கூடும். வெறுங்கையால், பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தடவுகிற பையன்களை எத்தனையோ பட்டறைகளில் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் வயிற்றைக் கலக்கும். கனமான நியோபிரீன் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் அந்த டப்பாவைத் திறக்கவே கூடாது. பக்கத்திலேயே கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இருக்கட்டும். பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் கழுவி, ஜெல்லைத் தடவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டப்பாவையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று 2017-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. எஸ்.எஸ். புகையில் ஆறு இணைதிறன் குரோமியம் என்கிற நச்சு வகைக் குரோமியமும் சேர்ந்து வரும். முகத்தில் கட்டுகிற கைக்குட்டை அதைத் தடுக்காது.

இயந்திரம் செய்யக் கொடுக்கிறவர்களுக்கு: உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்த 2011 உரிம விதிகளின் 4-ஆம் அட்டவணை, துருப்பிடிக்காத, சுலபமாகச் சுத்தம் செய்யக்கூடிய கருவிதான் வேண்டும் என்கிறது. ஆனால் ஆய்வுக்கு வருகிற அதிகாரி உங்கள் குழாயை அறுத்துப் பார்க்கப்போவதில்லை. நீங்கள்தான் பார்க்க வேண்டும். போனில் செருகிக் குழாய்க்குள் விடுகிற சின்னக் கேமரா இப்போது கடைகளில் கிடைக்கிறது. ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் நம்பர் போட்டு, உள்பக்கத்தை வீடியோ எடுத்துக் கொடுத்தால்தான் கடைசித் தவணை என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். நல்ல வெல்டருக்கு அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. கேஸ் செலவு கூடுமே என்று யாராவது இழுத்தால், கூடுகிற கேஸுக்குக் காசு கொடுத்துவிடுங்கள்.

போன மாதம் ஈரோட்டுப் பக்கம் ஒரு அக்காவின் தயிர் யூனிட்டுக்கு லைன் முடித்து, 42 ஜாயிண்டின் வீடியோவையும் அனுப்பினேன். மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன். "ஏனுங்க தம்பி, பதினேழாம் நம்பர்ல ஒரு ஓரமா நீலமாத் தெரியுதுங்களே, அது அப்படித்தான் இருக்கணுமா?" என்று கேட்டார். திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். சிறுவிரல் நகம் அளவுக்கு நீலம். அடைப்பு டேப் ஓரத்தில் எங்கோ கிளம்பியிருக்கிறது. மத்தியானமே ஆளோடு போய் அந்த ஜாயிண்டை அறுத்தோம், புதுத் துண்டு வைத்து, உள்ளே கேஸ் நிரம்புகிற வரை உட்கார்ந்திருந்து அடித்தோம். கேமராவை உள்ளே விட்டு அந்த அக்காவிடமே போனைக் கொடுத்தேன். இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப வெள்ளையா இருக்குதுங்க" என்றார்.